ஆசிரியரைத் திருத்தும் முன் வினாத்தாளைத் திருத்துங்கள்

கல்வி பற்றிய எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் இப்போது ஒரு வாக்கியம் தவறாமல் காதில் விழுகிறது: செயற்கை நுண்ணறிவு ஆசிரியரின் இடத்தைப் பிடிக்காது, அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஆசிரியர், தெரியாத ஆசிரியரின் இடத்தைப் பிடித்துக்கொள்வார். சொன்னவருக்குக் கைதட்டல் கிடைக்கும். முன்வரிசை அதிகாரிகள் தலையாட்டுவார்கள். பின்வரிசையில், பணியிடைப் பயிற்சி என்ற பெயரில் வரவழைக்கப்பட்ட பட்டதாரி ஆசிரியர்கள், வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டாயிற்றா, மாலை எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த வாக்கியத்தை மறுக்கத்தான் இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்வதுபோல மிரட்டுகிறது என்பது அதன் சின்னக் குற்றம். பெரிய குற்றம், அதற்குள் ஒளிந்திருக்கும் அனுமானம். உலகம் மாறிவிட்டதாம், மாணவர்கள் மாறிவிட்டார்களாம், அடம்பிடித்து நிற்பவர் ஆசிரியர் ஒருவர்தானாம். அவருக்கு நாலு செயலிகளைக் காட்டிக்கொடுத்துவிட்டால் வகுப்பறை தானாகச் சரியாகிவிடுமாம். தமிழ்நாட்டின் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளைப் பொறுத்தவரை இதில் உண்மை துளியும் இல்லை. இங்கே ஆசிரியர் மாறிக்கொண்டேதான் இருந்திருக்கிறார். அசையாமல் நிற்பவை அவருக்கு மேலே இருக்கின்றன: வினாத்தாள், விடைக்குறிப்பு, தேர்ச்சி விழுக்காடு.

கடந்த இருபது ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2007-08இல் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தது. ஆறு முதல் எட்டு வரை படைப்பாற்றல் கல்வி. ஆசிரியர் இனி கற்பிப்பவர் அல்லர், வழிநடத்துபவர் என்று அப்போதே சொன்னார்கள். கரும்பலகையைத் தரையளவுக்கு இறக்கினார்கள், ஆசிரியரைப் பாயில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார். 2010இல் சமச்சீர் கல்வி. 2012இல் முப்பருவ முறை, தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு. வளரறி, தொகுத்தறி என்று புதிய சொற்களோடு புதிய பதிவேடுகள். 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது, 2025-26இல் போனது. 2018இலிருந்து புதிய பாடநூல்கள், பக்கத்துக்குப் பக்கம் கியூஆர் குறியீடு. 2019இல் கல்வித் தொலைக்காட்சி, ஹைடெக் லேப். கொரோனா வந்ததும் ஒரே வாரத்தில் வாட்ஸ்அப் குழு தொடங்கிப் பாடத்தைக் குரல்பதிவாக அனுப்பியவர்களும் இவர்களே. அதற்கு யாரும் பயிற்சி தரவில்லை. சொந்தப் போன், சொந்தக் காசில் போட்ட டேட்டா.

இத்தனைக்கும் ஈடுகொடுத்தவரைப் பார்த்து ‘நீங்கள் மாறத் தயாரா?’ என்று கேட்பது அறியாமை. இந்த மாற்றங்களில் பலவும் ஏன் நிலைக்கவில்லை என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. ஒவ்வொன்றிலும் கற்பிக்கும் முறை மாறியது. பத்தாம் வகுப்பில் அந்தக் குழந்தை கடைசியாக எதிர்கொள்ளும் தாள் பெரிதாக மாறவில்லை. எட்டு வரை குழுவாக உட்கார்ந்து மன வரைபடம் வரைந்த பிள்ளையை ஒன்பதில் ‘புக் பேக் கேள்விகளை’ மனப்பாடம் செய்ய வைக்க வேண்டியிருந்தது. மேலே போகப்போக வழிநடத்துபவர் மறுபடியும் குறிப்பெடுக்கச் சொல்பவராக ஆனார். அவர் சோம்பேறி என்பதால் அல்ல. மாதாந்திர மீளாய்வுக் கூட்டத்தில் அவரிடம் கேட்கப்படுவது ஒரே ஒரு எண் என்பதால்.

இனி ஏஐக்கு வருவோம். நம் ஊர்ப் பொதுத்தேர்வு அறைக்குள் அது நுழையவே முடியாது. மூன்று மணி நேரம், பேனா, தாள், கண்காணிப்பாளர், பறக்கும் படை. போனுக்கு வாசலிலேயே தடை. ஆண்டுதோறும் சுமார் 9 லட்சம் பிள்ளைகள் இப்படித்தான் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறார்கள். ஏஐ வந்து தேர்வு முறையைக் குலைத்துவிட்டது என்ற புலம்பல், கட்டுரை எழுதி வாங்கி மதிப்பெண் போடும் மேலை நாட்டுப் பள்ளிகளின் புலம்பல். அதை அப்படியே இறக்குமதி செய்து இங்கே பேசுகிறோம். பத்தாம் வகுப்புத் தமிழில் நூற்றுக்கு நூறும் அந்த அறையில்தான் தீர்மானமாகிறது. வகுப்பில் பாடம் நடத்தும் ஆசிரியர் கையில் ஒரு மதிப்பெண் கூட இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் செய்முறை இல்லாத பாடங்களுக்கு 90 எழுத்துத் தேர்வு, 10 அகமதிப்பீடு. செய்முறை உள்ளவற்றுக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. ஆசிரியரின் மதிப்பீடு என்று சொல்லக்கூடியது அந்தப் பத்து மட்டுமே. அதிலும் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பத்துக்குப் பத்து போய்விடும். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

அப்படியானால் ஏஐ இங்கே எதைத் தொடுகிறது? தேர்வுக்கு முன்னால் நடப்பதை. வீட்டுப்பாடத்தை, ஒப்படைப்பை, செயல்திட்டத்தை. மாலையில் உட்கார்ந்து ஒரு கணக்கோடு முட்டிமோதும் அரைமணி நேரத்தை.

செயல்திட்டத்தைப் பற்றி யாரும் கண்ணீர் விட வேண்டாம். அது வந்த நாளிலிருந்து பள்ளிக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர் தயாராகத்தான் இருந்தார். ‘அண்ணே, நீர் மாசுபாடு ப்ராஜெக்ட்’ என்றால் போதும்: விக்கிப்பீடியாவிலிருந்து நாலு பக்கம், வண்ணப்படம் இரண்டு, ஸ்பைரல் பைண்டிங். கையெழுத்து அழகாக உள்ள அக்காக்கள் காசுக்கு ரெக்கார்டு நோட்டு வரைந்து கொடுத்தார்கள். ஏஐ வந்ததால் நட்டம் அடைந்தவர் அந்தக் கடைக்காரர்தான்; கல்விக்குப் புதிதாக எந்த நட்டமும் இல்லை. யாரும் படிக்காத ஒன்றை எழுதச் சொன்னால், யாரும் எழுதாத ஒன்றைத்தான் கொண்டுவந்து தருவார்கள்.

கட்டுரையும் ஏறத்தாழ அப்படித்தான். பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளில் குறிப்புகளைத் தந்து கட்டுரை எழுதச் சொல்வார்கள். முன்னுரையில் தொடங்கி முடிவுரையில் முடியும் குறிப்புகள். தலைப்புகளைக் கறுப்பு மையில் எழுதி அடிக்கோடிட வேண்டும். இடையில் ஒரு குறள், ஒரு பாரதி வரி. மரம் வளர்ப்போமா, நூலகமா, சாலைப் பாதுகாப்பா எதுவானாலும் சட்டகம் ஒன்றே. திருத்தும் முகாமில் கட்டுக் கட்டாகத் தாள்களை முன்னால் வைத்துக்கொண்டிருப்பவர் உட்தலைப்பு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்; அவரைக் குறைசொல்ல முடியாது, அவருக்கும் விடைக்குறிப்பு உண்டு. கோனார் உரையும் சுரா கைடும் இந்தச் சட்டகத்தை வீடுவீடாகக் கொண்டுசேர்த்துவிட்டன. மெல்லக் கற்கும் மாணவர்களுக்கென்று பள்ளிகளே ‘மினிமம் மெட்டீரியல்’ அச்சிட்டுத் தருகின்றன. இப்போது சாட்ஜிபிடி அதே சட்டகத்தில் அரை நிமிடத்தில் கட்டுரை எழுதுகிறது. பிள்ளையின் சொந்தக் குரல் போய்விட்டதே என்று அதைப் பார்த்துப் பதறுகிறோம். பிள்ளையின் குரலுக்கு அந்தத் தாளில் எத்தனை மதிப்பெண் வைத்திருந்தோம்?

அரைமணி நேர முட்டல் மோதல் மட்டும் வேறு விஷயம். உண்மையான இழப்பு அங்கேதான் நடக்கிறது, அதற்குச் சான்றும் இருக்கிறது. 2023இல் துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில், ஏறக்குறைய 1,000 மாணவர்களிடம், பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணிதத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பிரிவுக்குச் சாதாரண சாட்பாட். இன்னொரு பிரிவுக்கு, விடையைச் சொல்லாமல் அடுத்த படிக்கான குறிப்பை மட்டும் தரும்படி அமைத்த சாட்பாட். மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான புத்தகமும் நோட்டும். பயிற்சிக் கணக்குகளில் மூன்றாம் பிரிவைவிட முதல் பிரிவு 48 விழுக்காடும், இரண்டாம் பிரிவு 127 விழுக்காடும் கூடுதலாகச் செய்தன. பிறகு கருவியை வாங்கி வைத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். முதல் பிரிவு, ஏஐயைத் தொடாதவர்களைவிட 17 விழுக்காடு பின்தங்கியது. தாங்கள் பின்தங்கியது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவும் இல்லை. இரண்டாம் பிரிவில் அந்தச் சரிவு பெரும்பாலும் தவிர்க்கப்பட்டது. ஆனால் தொடாதவர்களை அவர்கள் மிஞ்சவும் இல்லை.

ஏஐ ஆதரவாளர்கள் இதிலிருந்து 127 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். எதிர்ப்பாளர்கள் 17ஐ மட்டும். இரண்டாம் பிரிவின் சாட்பாட் எதனால் கெடுதல் செய்யவில்லை என்பதை இரு தரப்பும் தாண்டிப்போகிறது. ஒவ்வொரு கணக்கிலும் பிள்ளைகள் எங்கே வழுக்குவார்கள், வழுக்கினால் எந்தக் குறிப்பைத் தர வேண்டும் என்பதை அதற்குள் எழுதி வைத்தவர்கள் ஆசிரியர்கள். கருவியின் சாமர்த்தியமாகத் தெரிவது ஆசிரியரின் அனுபவம். பத்து வருடம் இயற்கணிதம் நடத்திய ஒருவருக்கு, அடைப்புக்குறிக்கு வெளியே குறைக்குறி வந்தால் பிள்ளைகளில் பாதிப்பேர் உள்ளேயுள்ள இரண்டாவது உறுப்பின் குறியை மாற்ற மறப்பார்கள் என்று தெரியும். நாலு செயலி கற்றுத்தரும் இரண்டு நாள் பயிற்சியில் வராத அறிவு இது. அந்தப் பயிற்சி மேடையில் இதற்கு மதிப்பும் இல்லை.

தடை போடுவோம் என்கிறவர்களுக்கும் என்னிடம் நல்ல வார்த்தை இல்லை. நியூயார்க் நகரப் பள்ளிகள் 2023 ஜனவரியில் சாட்ஜிபிடியைத் தடை செய்தன. மே மாதமே தடையை விலக்கிக்கொண்டன. பிடித்துக்கொடுக்கும் மென்பொருள் இருக்கிறதே என்பார்கள். ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரி இறுதியில் அப்படி ஒன்றை வெளியிட்டது. இயந்திரம் எழுதியவற்றில் 26 விழுக்காட்டைத்தான் அது கண்டுபிடித்தது. மனிதர் எழுதியதில் 9 விழுக்காட்டை இயந்திரம் எழுதியது என்றது. ஜூலையில் அதைச் சத்தமில்லாமல் மூடிவிட்டார்கள். அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கண்டறியும் கருவிகளை எடுத்து, ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாக 61 விழுக்காட்டை இயந்திரத்தின் எழுத்து என்று அவை முத்திரை குத்தின. எளிய சொல், குட்டி வாக்கியம், மனப்பாடமான தொடர்: இவைதான் அந்தப் பிள்ளைகள் செய்த குற்றம். நம் ஊரில் ஆங்கில வழியில் படிக்கும் முதல் தலைமுறை மாணவியின் ஆங்கிலம் வேறு எப்படி இருக்கும்? அவளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்போகும் கருவிக்குப் பள்ளி நிதியிலிருந்து பணம் கட்டச் சொல்வதைப்போல அபத்தம் வேறில்லை.

‘தென்கொரியாவைப் பாருங்கள்’ என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு சொல்லிக்கொண்டிருந்தவர்களை இப்போது காணவில்லை. 2025 மார்ச்சில் அந்நாடு ஏஐ பாடநூல்களை ஆங்கிலம், கணிதம், கணினிப் பாடங்களுக்கு வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. ஆசிரியர் சங்கங்களும் பெற்றோரும் எதிர்த்தார்கள். ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, அவற்றுக்குப் பாடநூல் என்ற தகுதியையே பறித்துத் துணைக்கருவி ஆக்கிவிட்டது. அரை ஆண்டுகூட ஆகவில்லை. உலகிலேயே வேகமான இணையம் உள்ள நாடுகளில் ஒன்று அது.

இப்போது எஸ்தோனியாவைக் காட்டுகிறார்கள். நியாயமான எடுத்துக்காட்டுதான்; ஆனால் முழுதாகக் காட்டட்டும். 2025 செப்டம்பரில் அங்கே தொடங்கிய பள்ளி ஏஐ திட்டம் 10, 11ஆம் வகுப்பு மாணவர்கள் சுமார் 20,000 பேருக்கும், அவர்களுடைய ஆசிரியர்கள் 3,000 பேருக்கும் ஆனது. வகுத்துப் பாருங்கள்: ஓர் ஆசிரியருக்கு ஏறக்குறைய ஏழு மாணவர்கள். பாடத்திட்டத்தின் சட்டகத்துக்குள் எதை, எந்த வரிசையில், எப்படிக் கற்பிப்பது என்பதில் அங்கே பள்ளிக்கும் ஆசிரியருக்கும் நீண்ட காலமாகவே சுதந்திரம் உண்டு. அந்தச் சுதந்திரத்தை விட்டுவிட்டுச் செயலியை மட்டும் இங்கே கொண்டுவந்தால் அதுவும் இன்னொரு பதிவேடாகத்தான் முடியும்.

ஏஐ காலத்தில் ஒரு பிள்ளைக்குப் பாடம் புரிந்ததா என்று தெரிந்துகொள்ள நம்பகமான வழிகள் மிகப் பழையவை. எதிரே நிறுத்திப் பேசவைப்பது. வகுப்பிலேயே எழுதவைத்து வாசிப்பது. எழுதியதைப் பற்றி ‘இதை ஏன் இப்படிச் சொன்னாய்?’ என்று கேட்பது. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. மேடைப் பேச்சாளர்களும் கடைசியில் இதைத்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டு நேரத்தைப் பற்றிப் பேசாமல் இறங்கிவிடுவார்கள். நான் கணக்குப் போடுகிறேன். ஒரு பிரிவில் 40 பேர்; பல ஊர்களில் அதற்கும் மேல். ஒரு பட்டதாரி ஆசிரியருக்கு நான்கு பிரிவுகள் என்றால் 160 பிள்ளைகள். ஒருவரோடு மூன்றே நிமிடம் பேசினால் 480 நிமிடம்: எட்டு மணி நேரம், 45 நிமிடப் பாடவேளையில் பத்துக்கும் மேல். எழுதியதைப் படித்துத் திருத்த இன்னொரு எட்டு மணி நேரம். வாரம் முழுக்கப் பாடவேளைகள் நிறைந்து கிடக்கின்றன. மீதியில் எமிஸ் என்ற கல்வித் துறைத் தகவல் தளத்தில் பதிவேற்றம், உதவித்தொகைப் பட்டியல், சீருடை அளவு, தேர்தல் பணி, பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ், திருப்புதல் தேர்வு. இந்த வாரத்துக்குள் அந்தப் பதினாறு மணி நேரத்தை எங்கே வைப்பார்?

ஏஐ அந்த நேரத்தை மிச்சப்படுத்தித் தருமே என்பார்கள். பாடக்குறிப்பை ஐந்து நிமிடத்தில் எழுதித் தருமாம். எழுதித் தரும். ஆனால் பாடக்குறிப்பு யாருக்காக எழுதப்படுகிறது? அதே பாடத்தைப் பதினைந்தாவது ஆண்டாக நடத்தும் ஆசிரியருக்காகவா? தலைமையாசிரியர் கையெழுத்துக்காக, ஆய்வுக்கு வரும் அதிகாரி புரட்டுவதற்காக. தேவையில்லாத ஒரு காகிதத்தை வேகமாகத் தயாரிக்கச் சொல்லிக்கொடுப்பதைச் சீர்திருத்தம் என்கிறோம். அந்தக் காகிதமே வேண்டாம் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் மின்சாரமும் மிச்சம்.

இவ்வளவும் சொல்வதால் ஏஐயை வகுப்புக்குள் விடவே கூடாது என்கிறேன் என்று நினைக்க வேண்டாம். விடுகிற விதம் ஒன்று உண்டு. தமிழ் வகுப்பையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஏஐ பேச்சில் யாரும் தமிழாசிரியரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவரைக் காலாவதியாகப்போகிறவர்களின் பட்டியலில் முதலில் வைத்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் ஒரு குறளை அலகிட்டு வாய்பாடு எழுதச் சொல்லும் வினா உண்டு. நேர், நிரை பிரித்து, தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என்று சீர்களுக்கு வாய்பாடு சொல்லி, ஈற்றுச் சீரில் நாளா, மலரா, காசா, பிறப்பா என்று பார்க்க வேண்டும். நாற்பது பிள்ளைகளில் முப்பது பேருக்கு இது வேப்பங்காய். இதை ஒரு சாட்பாட்டிடம் கேட்டால் தடுமாறும். புதிய பதிப்புகள் முன்பைவிடத் தேறியிருந்தாலும் நம்பி ஒப்படைக்க முடியாது. காரணம் எளிது. அது எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை. எழுதியதைத் துண்டுகளாக வெட்டி, எண்களாக மாற்றி, அடுத்து என்ன வரும் என்று கணிக்கிறது. அது வெட்டும் இடத்துக்கும் அசை பிரியும் இடத்துக்கும் சம்பந்தமில்லை. குறில் நெடில் என்பது அதன் காதில் விழுவதில்லை, அதற்குக் காதும் இல்லை. ஆனாலும் தயங்காமல், அழகாக அட்டவணை போட்டு விடை தரும். சில சமயம் வள்ளுவர் எழுதாத குறளையே எழுதித் தந்து அதிகார எண்ணும் சொல்லும்.

இங்கேதான் ஒரு தமிழாசிரியருக்கு வேலை கிடைக்கிறது. அந்த அட்டவணையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, எத்தனை தவறு என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். தானே அலகிடப் பயப்படும் பிள்ளை, இயந்திரத்தின் தவறைப் பிடிக்க ஆசையோடு வரும். பிடிக்க வேண்டுமென்றால் விரல்விட்டு எண்ண வேண்டும்; குறிலையும் ஒற்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும்; ‘ஐ’ எங்கே குறுகும் என்று சண்டை போட வேண்டும். யாப்பிலக்கணம் அப்படித்தான் மண்டையில் ஏறும். இதற்கு ஆசிரியருக்குத் தேவை யாப்பில் உறுதியான அறிவு. செயலியில் பட்டயம் தேவையில்லை. இயந்திரம் சரியாகச் சொன்னதா என்று தீர்மானிக்கத் தெரியாத ஆசிரியரை எந்த ஏஐ பயிற்சியும் காப்பாற்றாது. தெரிந்த ஆசிரியருக்கு அரைமணி நேர அறிமுகம் போதும்.

வரலாற்றிலும் இது நடக்கும். 1806 வேலூர்ப் புரட்சிக்கான காரணங்களைப் பட்டியலிடு என்றால் ஏஐ பட்டியலிட்டுவிடும், கைடும் பட்டியலிடும். புதிய தலைப்பாகை, மத அடையாளங்களுக்குத் தடை, கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த திப்புவின் குடும்பம்: இவற்றில் எது இல்லாவிட்டாலும் கலகம் நடந்திருக்கும், எது இல்லாவிட்டால் நடந்திருக்காது, ஏன் என்று இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே நிறுத்திப் பேசவிட்டால் பட்டியல் மட்டும் போதாது. அருமையான வகுப்பு. ஆனால் பொதுத்தேர்வில் வரப்போவது பட்டியல்தான். டிசம்பர் மாதம் பாடம் முடிக்காத ஆசிரியர் அந்த வாதத்தை நடத்திக்கொண்டிருந்தால், தேர்ச்சி குறைந்ததற்கு விளக்கம் கேட்டுத் தாள் வரும். அந்தத் தாளுக்கு எந்தச் செயலியைக் கொண்டு பதில் எழுதுவது?

மறுதரப்பின் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆசிரியர் கையில் மதிப்பெண்ணைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் பார்த்துவிட்டோமே என்பார்கள். அகமதிப்பீட்டில் எல்லாருக்கும் பத்துக்குப் பத்து. செய்முறைத் தேர்விலும் ஏறக்குறைய முழு மதிப்பெண். நாளை வாய்மொழித் தேர்வுக்கு இருபது என்று வைத்தால் அதுவும் எல்லாருக்கும் இருபதுதான். தனியார் பள்ளிகளில் கேட்கவே வேண்டாம். உண்மை. அந்தப் பத்துக்குப் பத்து எப்படிப் பிறக்கிறது என்றும் பார்க்க வேண்டும். பிள்ளையின் மதிப்பெண்ணை வைத்தே ஆசிரியரையும் தலைமையாசிரியரையும் மாவட்டத்தையும் அளக்கிறோம். அளக்கப்படுகிறவர் கையிலேயே அளவுகோலைக் கொடுத்தால் அது நீளத்தான் செய்யும். 2017இல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தினார்கள், நல்ல முடிவு. மாவட்டவாரித் தேர்ச்சி விழுக்காட்டுப் பட்டியலும், நூறு விழுக்காடு பெற்ற பள்ளிகளின் எண்ணிக்கையும் இன்றும் வெளியாகின்றன. அந்தப் போட்டியை வைத்துக்கொண்டே ஆசிரியரின் நேர்மையைச் சந்தேகிப்பது முறையல்ல.

ஊதிப்பெருக்காமல் இருக்க வழிகளும் இல்லாமல் இல்லை. செய்முறைத் தேர்வுக்கு இப்போதே வேறு பள்ளியிலிருந்து புறத்தேர்வாளர் வருகிறார், வாய்மொழிக்கும் வரலாம். எழுத்துத் தேர்வில் அதே பிள்ளை எடுத்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். எதுவும் முழுச் சரியாக இருக்காது. மனப்பாடத்துக்கு நூற்றுக்கு நூறு கொடுக்கும் இன்றைய முறை மட்டும் முழுச் சரியா?

இன்னொரு விஷயத்தையும் கண்டும் காணாமல் விடுகிறோம். ஆசிரியர்களே மாறுங்கள் என்ற குரல் உரக்க ஒலிக்கும் இதே நேரத்தில்தான், 2025 நவம்பரில் ஓபன்ஏஐ தன் கட்டணச் சேவைகளில் ஒன்றை இந்தியாவில் ஓராண்டுக்கு இலவசமாக்கியது. அதற்குச் சற்று முன்பு கூகுளின் ஜெமினி ஜியோ வழியாக இலவசமாக வந்தது. இலவசம் எதற்கு என்று கேட்க வேண்டிய வயது நமக்கு ஆகிவிட்டது. பள்ளி ஒரு பெரிய சந்தை; பழக்கம் பதியும் வயது அது. இந்தியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லாரையும் குழந்தைகள் என்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் ‘இதை ஜெமினியில் கேட்டு எழுதி வா’ என்று சொல்லும்போது அந்த ஒப்புதலை யார் வாங்கியது? நாளை சிக்கல் வந்தால் செயலி நிறுவனத்தின் பெயர் அடிபடாது, அந்த ஆசிரியரின் பெயர்தான் அடிபடும். ‘மாறுங்கள்’ என்பவர்கள் இந்தப் பொறுப்பைத் தங்கள் தலையில் ஏற்பதாக ஒரு வரி எழுதிக் கொடுக்கட்டும்.

ஏஐ வந்துவிட்டது, ஆசிரியர் வேறு வழியின்றி மாறித்தான் ஆக வேண்டும் என்பது சோதிடம். எதைக் கேட்கிறோம், எதற்கு மதிப்பெண் தருகிறோம், ஒருவரிடம் எத்தனை பிள்ளைகளை ஒப்படைக்கிறோம் என்பவை அரசாணையால் தீர்மானமாகிறவை. பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை ஓர் அரசால் கொண்டுவரவும் இன்னோர் அரசால் எடுக்கவும் முடிந்ததைப் பார்த்தோம். அப்படியானால் பத்தாம் வகுப்பு மொழிப்பாடத்தில் இருபது மதிப்பெண்ணை வாய்மொழிக்கு ஒதுக்கவும் முடியும். குறிப்புகளைத் தந்து கேட்கும் கட்டுரையை எடுத்துவிட்டு, பிள்ளை தன் தெருவில் பார்த்த ஒன்றைப் பற்றி எழுதச் சொல்லவும் முடியும். உயர்நிலை வகுப்பில் ஒரு பிரிவுக்கு முப்பது பேர் என்று வரம்பு வைக்கவும் முடியும். அதற்குப் பணம் வேண்டும், ஆசிரியர் நியமனம் வேண்டும், அதனால்தான் அதைப் பற்றிப் பேச்சில்லை. இரண்டு நாள் பயிற்சி மலிவு.

அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அடுத்த கூட்டத்தில் உங்கள் பள்ளிக்கு என்னென்ன செயலிகள் வரப்போகின்றன என்று சொல்லப்படும்போது, கைதூக்கி மூன்று கேள்விகள் கேளுங்கள்: என் பிள்ளையின் வகுப்பில் எத்தனை பேர், அவளோடு ஆசிரியர் தனியாகப் பேச வாரத்தில் எத்தனை நிமிடம் இருக்கிறது, அவள் பேசியதற்கு மதிப்பெண் உண்டா? பதிலைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்கி, முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள்.